இருபத்து மூன்று கிலோ

பழையபேட்டைப் புளி மண்டித் தராசில்
பெட்டியை ஏற்றினேன்.
இருபத்தாறு நானூறு.
"சாக்குக் கழிவு போக எவ்வளவு வேணும்?"
என்றார் பச்சமுத்து.

டொராண்டோவிலிருந்து நஸ்ரீன்
குரல் அனுப்பியிருந்தாள்:
குக்கர் எடு, அரிசி வேண்டாம்.
கனத்த கோட்டை உடுத்திக்கொண்டே விமானம் ஏறு.
வீட்டைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதே,
நான் அனுப்பி அழுதேன்.

மண்டித் தரையிலேயே திறந்தேன்.
அகராதி போனது. ஊறுகாய் போனது.
மூன்றாவது ஜீன்ஸ்,
கொஞ்சம் நின்று,
போனது.

இருபத்திரண்டு தொள்ளாயிரம்.
பழக்கத்தில் சீட்டு எழுதினார்:
சரக்கு புளி, மூட்டை ஒன்று.

"இன்னும் நூறு கிராம் இடம் இருக்கு" என்றேன்.
குவியலிலிருந்து ஒரு கை அள்ளி நீட்டினார்,
நிறுக்காமல்.

நான் நிறுத்தேன். நூற்றிருபது.
இருபதை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டேன்.
பல் கூசியது.