புறங்கை

"இடிக்கு மட்டும்னா ரெண்டாயிரத்து நானூறு.
எல்லாத்துக்கும்னா பதினாலாயிரத்து எண்ணூறு."
மேல மாசி வீதிக் கடையில் துளசிராம்
இரண்டு பெட்டிகளையும் என் முன்னால் வைத்துவிட்டு
டீ சொல்லப் போனார்.

என்னுடையது ஷூட்டிங்குக்குப் போகிற கேரவன்.
தவணை இன்னும் முப்பத்தோரு மாதம்.
ஏ.சி. இரண்டு, குட்டி ஃபிரிட்ஜ் ஒன்று,
மேக்கப் கண்ணாடியைச் சுற்றிப் பதினெட்டு பல்பு.
ஊர் ஊராய்ப் போய்
எவன் வீட்டு மின்சாரத்தையோ குடிக்கிற வண்டி.
செக்கானூரணியில் அரிசி ஆலை,
வாடிப்பட்டியில் கல்யாண மண்டபம்,
ஒருமுறை கோழிப்பண்ணை.
தண்ணீர் என்றால் கலங்கலாவது தெரியும்.
மூன்று ஓட்டைக்குள் என்ன வருகிறதென்று
யாருக்குத் தெரியும்?
"நல்ல கரண்ட்டுண்ணே" என்பார்கள்
எல்லா ஊரிலும்.

போன சித்திரையில் அந்த ஆலையில்
நியூட்ரல் கழன்றது.
ஃபேஸ் கழன்றிருந்தால் விளக்கு அணைந்திருக்கும், அவ்வளவுதான்.
சும்மா கிடப்பதாக நாம் நினைக்கிற கம்பி கழன்றதும்
பதினெட்டு பல்பும் ஒரு கணம்
சம்பந்தி வீட்டார் வந்ததுபோல் சிரித்தன.
அப்புறம் வாசனை.
இருநூற்று முப்பது வரவேண்டிய இடத்தில்
முந்நூற்றுத் தொண்ணூறு.
வில்லன் நடிகர் பாதி மீசையோடு
படியிறங்கி ஓடிவந்தார்.

அதுகூடப் பரவாயில்லை.
அதற்கு முந்தின ஐப்பசியில், கீழக்குயில்குடியில்,
மழை விட்டும் விடாத நேரம்.
எர்த் இல்லாத லைன்.
டிரைவர் கருவாயன் கைப்பிடியைப் பிடித்தான்,
கைப்பிடி அவனைப் பிடித்துக்கொண்டது.
ஆர்ட்காரர்களின் மரச்சட்டத்தால் அடித்துத்தான் பிரித்தேன்.
வலது கையில் இரண்டு விரல்
இன்னும் முழுசாக நிமிரவில்லை.

துளசிராம் சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினார்.
ஒத்தை ரூபாய் அகலத்தில் நீல வில்லை.
"இடி வந்தா இது செத்து வண்டியைக் காப்பாத்தும்."
நியூட்ரல் போனா?
"அது இதுக்குத் தெரியாது."
எர்த் இல்லைன்னா?
"அதுவும் தெரியாது."
பெரிய பெட்டிக்குத் தெரியுமாம்.
முப்பத்திரண்டு ஆம்பியர் தாங்குமாம்.
கூடினாலும் குறைந்தாலும் வெட்டுமாம்.
போன கரண்ட் உடனே திரும்பி வந்தாலும்
மூன்று நிமிஷம் நம்பாதாம்.
"கம்ப்ரஸருக்காக சார்" என்றார்.
நான் வேறு யாரையோ நினைத்துக்கொண்டேன்.

பில் புத்தகத்தின் பின்னால் கணக்குப் போட்டேன்.
ஏ.சி. போர்டு இருபத்திரண்டாயிரம்,
போன வாடகை நான்கு நாள்,
மீசை ஒட்டியவருக்குக் கொடுத்த சமாதானம் ஐயாயிரம்.
கருவாயன் விரல் என்று எழுதி
எதிரே என்ன போடுவதென்று தெரியாமல்
அந்த வரியை அடித்தேன்.
அடித்த பிறகும் கூட்டுத்தொகை
பெரிய பெட்டி பக்கமே சாய்ந்தது.
நல்லவேளை என்றிருந்தது.
நல்லவேளை என்று நினைத்ததற்கு
டீ இறங்கவில்லை.
பதினாலு இருநூறுக்கு முடித்தேன்.

உசிலம்பட்டி பக்கம் ஒரு பள்ளிக்கூடம்.
செருகியதும் சிவப்பு. எர்த் இல்லை.
"போன வாரம் இதே இடத்துல ஓடுச்சே"
என்று குதித்தார் மேனேஜர்.
கம்பி அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி,
மறுபடி செருகினோம்.
பெட்டி எண்ணத் தொடங்கியது,
நூற்றெண்பது, நூற்றெழுபத்தொன்பது...
வேப்பமரத்தடியில் கதாநாயகி விசிறிக்கொண்டிருந்தார்.
யாரும் பேசவில்லை.
அத்தனை பேரையும் காக்க வைக்க
எனக்கு ஒருநாளும் தைரியம் வந்ததில்லை.

பச்சை.
உள்ளே பதினெட்டும் ஒழுங்காக எரிந்தன.
"பச்சை எரியுது, தொறடா" என்றேன்.
"எரியட்டும்ணே" என்றான் கருவாயன்.
கையைத் திருப்பி
புறங்கையால் ஒருமுறை தொட்டான்.
பிறகுதான் பிடித்தான்.