மூன்றரை டாலர்

ஜூனோவை விட்ட மறுநாள் மத்தியானம்,
பதினொன்றாம் தளத்து மதுக்கூடத்தில்
கண்ணாடியை மாற்றிப் போட்டு
விலைப்பட்டியலைப் படிக்கிறேன்.
ரம் ஊற்றிய மொஹிட்டோ பன்னிரண்டரை.
ஊற்றாதது ஒன்பது.
அடியில் பொடியெழுத்தில்
பதினெட்டு சதவீதம் சேவைக் கட்டணம்,
இரண்டுக்கும் பாரபட்சமின்றி.

டுலூத்தில் இருபத்தாறு வருடம்
பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான்.
எத்தனை பிள்ளைகள் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று
எண்ணி எண்ணியே பழகிய தலை.
எண்ணிப் பார்த்தேன்:
புதினா அதே புதினா.
எலுமிச்சை, சர்க்கரை, சோடா, அதே.
குவளையில் முக்கால் பங்கு பனிக்கட்டி, அதுவும் அதே.
(கப்பலுக்கு வெளியே ஒரு மலையளவு பனிக்கட்டி
கேட்பாரற்றுக் கடலில் விழுந்துகொண்டிருக்கிறது.)
ஆக, கழித்துப் பார்த்தால்
ரம்மின் விலை மூன்றரை டாலர்.

மூன்றரையா?

என் பேருந்துச் சாவியை வாங்கிக்கொண்டது,
வீட்டுக் கூரையை வாங்கிக்கொண்டது,
மகள் சிக்னேயின் ஆறு கிறிஸ்துமஸ்களை
ஒரு தொலைபேசி மணிகூட அடிக்காமல்
மொத்தமாக வாங்கிக்கொண்டது
இந்த மூன்றரை டாலர்ச் சரக்கா?
இன்னும் கொஞ்சம் விலைகூடிய ஒன்றிடம்
தோற்றேன் என்றல்லவா
இத்தனை நாள் எண்ணியிருந்தேன்.

பக்கத்து நாற்காலியில் வென்டெல்.
டல்சாவில் கூரை ஓடு வியாபாரம்.
அளவில்லாமல் குடிக்கும் பேக்கேஜ் எடுத்திருக்கிறார்.
"ஒரு நாளைக்கு ஆறு குடித்தால் அசல்,
ஏழாவதிலிருந்து லாபம்" என்கிறார்.
ஒரே அறையில் இருவர் என்றால்
இருவருமே வாங்க வேண்டுமாம், கப்பல் சட்டம்.
அவர் மனைவி வெர்னா தேநீர் தவிர எதையும் தொடமாட்டார்.
அதனால் அவர் பங்கு ஆறையும் சேர்த்து
பன்னிரண்டு குடித்தால்தான் அசல்.
பாவம், மனிதர் உழைத்துக்கொண்டிருக்கிறார்.

"உங்களுக்கு எது, மேடம்?"
சட்டையில் கிறிசாந்தோ, கீழே இலோயிலோ என்று ஊர்ப் பெயர்.
விரலால் ஒன்பதைக் காட்டினேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
பாட்டில்களுக்கு முதுகைக் காட்டி
ஓரமாய் நின்று கலக்கினான்.
சிவப்பு உறிஞ்சுகுழல் ஒன்றைச் செருகி,
"கம்பெனி விதி இல்லை, என் ஏற்பாடு.
சிவப்பில் நான் எதையும் ஊற்றமாட்டேன்" என்றான்.
ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
அதற்கு மட்டும் விலை போட்டிருக்கவில்லை.

அப்போதுதான் இடி.
பனியாறு ஒரு சுவரையே உதிர்த்தது.
மதுக்கூடம் முழுக்கக் கம்பியோரம் ஓடிற்று.
வென்டெல் ஓடினார், வெர்னா ஓடினார்,
கிறிசாந்தோகூடத் துடைதுணியோடு எட்டிப் பார்க்கப் போனான்.

மேஜையில் நானும் இரண்டு குவளைகளும்.
ஒரே உயரம், ஒரே புதினா,
ஒரே மாதிரி வேர்த்திருக்கின்றன.
அவருடையதில் பாதிக்கு மேல் மிச்சம்.
அவருக்கு அது பன்னிரண்டில் எட்டாவது,
குறைந்தால் தெரியப்போவதில்லை.
இடையே ஒரு சாண்.

பத்தொன்பது மாதமாக என் கை
இவ்வளவு அமைதியாக மேஜைமேல் கிடந்ததில்லை.
அந்த அமைதிதான் எனக்குப் பயம்.

கப்பல் லேசாக ஆடிற்று.
அலை வந்து சேர அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது.
இரண்டு குவளைகளும் ஒரு நூல் நகர்ந்தன,
எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டேன்.

சிவப்புக் குழலைக் கண்டுபிடித்துப்
பல்லால் கடித்துக்கொண்டேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது
சர்ர்ரென்று அடித்தளம்வரை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்,
சபை நாகரிகம் பாராமல்,
என் பேருந்தின் கடைசி இருக்கைப் பிள்ளைகள்
பால் பெட்டியை உறிஞ்சும் அதே சத்தத்தோடு.

"நீங்கள் பார்க்கவே இல்லையே" என்றார் வெர்னா,
"அவ்வளவு பெரிசு விழுந்தது!"

"கேட்டது" என்றேன்.
கிறிசாந்தோவிடம் இன்னொரு ஒன்பது சொன்னேன்.