காஜா

காலையில் பால் திரிந்தது.
அதில்தான் தொடங்கியது என்று சொல்லலாம்.
முந்தின ராத்திரி படுக்கும்போதே
பக்கத்தில் படுத்திருந்தது என்றும் சொல்லலாம்.

வரக்காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு
"சர்க்கரை எங்கே" என்றேன்.
வெறும் எங்கே.
வழக்கமாகப் பின்னால் வரும் 'கண்ணு' வரவில்லை.
துளசிமணி அதைக் கேட்டாள்.
டப்பாவை வைத்த சத்தத்தில் பதில் இருந்தது.

ஊத்துக்குளி ரோட்டில் கேட் போட்டிருந்தான்.
மூடின கேட்டைப் பார்த்து ஆரன் அடிக்கிறான் பின்னால் ஒருத்தன்.
திரும்பி முறைத்தேன்.
ஹெல்மெட்டுக்குள் முறைத்து என்ன ஆகப் போகிறது.

பட்டறைக்குள் கால் வைக்கும்போதே போன்.
"ஆயரத்தெரநூறு பீசுங்க,
சாய்ந்தரம் வண்டி வந்துருமுங்க,
பாத்துக்குங்க."
அந்த மூன்று 'ங்க'விலும் ஊசி இருந்தது.
நானும் நாலு 'ங்க' போட்டு அனுப்பினேன்.
கையிருப்பு அதோடு தீர்ந்தது.

தபனுக்கு ஒன்றும் மிச்சமில்லை.
"நூலு மாத்துடான்னா மாத்த மாட்டியா,
எந்திரி."
எங்கள் பக்கம் குரல் ஏறுவதற்கு முன்னால்
ஒரு எழுத்து இறங்கிப் போய்விடும்.

ஒடிசாக்காரன். வந்து எட்டு மாசம்.
அவனுக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழும்
நல்ல நாள் ஒன்றில் நான் சொல்லிக் கொடுத்தது.
எழுந்து ஓரமாக நின்று
"செரீங்ணா" என்றான்.

காலையிலிருந்து நான் தொலைத்தது
அவன் வாயில் பத்திரமாக இருந்தது.
அதற்கும் எரிச்சல் வந்தது.

நானே உட்கார்ந்தேன்.
பெடலை மிதித்தேனா, யாரையோ மிதித்தேனா.
காலர் பனியன், அஞ்சு வயசு அளவு, நீலம்.
மூன்றாவது காஜா ஒரு நூலிழை குறுகிவிட்டது.
எனக்குத் தெரிந்தது.
தபனுக்கும் தெரிந்தது.
அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு
கட்டோடு சேர்த்துக் கட்டினான்.

வண்டி வந்தது, போனது.
வீட்டுக்குப் போகையில் அரைக் கிலோ சர்க்கரை வாங்கினேன்.
வீட்டில் நிறையவே இருந்தது.
அவள் ஒன்றும் சொல்லாமல் அதன்மேல் இதைக் கொட்டினாள்.

இப்போது லாரி தூத்துக்குடி ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்.
அப்புறம் கப்பல்.
அப்புறம் பேர் தெரியாத ஒரு குளிர்காலத்தில்
பள்ளிக்கூட வண்டி வாசலில் வந்து நிற்கும்.
எல்லாப் பித்தானும் போட்டாயிற்று,
கழுத்துக்குக் கீழே ஒன்று மட்டும் நுழையாது.
பையன் நெளிவான்.
அவன் அம்மாவும் நல்லவளாகத்தான் இருப்பாள்.
ஆனால் விரல் நோகும், நேரம் ஆகும்,
அவளுக்கும் காலையில் ஏதாவது திரிந்திருக்கும்.

அவள் பாஷையில்
முதலில் காணாமல் போகிற எழுத்து
எதுவோ.