நடுப் பொத்தான்

மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு,
நடுவில் ஒரு சதுரம்.
ரிமோட்டில் அவ்வளவுதான்.
இதை மாட்டிக் காட்டத்தான்
திருத்தணியிலிருந்து ஏழு நாற்பது பஸ் பிடிக்கிறேன்
என்றால் வீட்டில் சிரிக்கிறாள்.

நகரி. மே பதினொன்று.
இரண்டாவது மாடி, மேற்குப் பார்த்த கூடம்,
ஐந்தடி இரண்டங்குல ஜன்னல்.
சுவரைத் துளைத்தால் சிமெண்ட் தூள்
டிரில்லைவிடச் சூடாகக் கையில் விழுகிறது.

ரத்தப் பரிசோதனை லேப் நடத்தும் பிரமீளா மேடம்
ஷோகேஸிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக் காட்டினார்.
ஒருநாளும் கொளுத்தாதது.
போன ஏப்ரலில் தானாகவே இடுப்பு வளைந்து
யாரையோ கும்பிட்டபடி நின்றுவிட்டதாம்.
"எண்ட" என்றார்.
எங்கள் ஊரில் வெயில் என்போம்;
இந்தப் பக்கம் அதற்கே பல் முளைத்துவிடுகிறது.

மோட்டார் சத்தம் கேட்கவே கூடாது,
முதல் நிபந்தனை.
தெரு முழுக்க விசைத்தறி.
தடக் தடக் தடக் தடக் என்று
தரை வழியாக என் குதிகாலுக்கு ஏறுகிறது.
"சைலண்ட் மாடல்தான் மேடம்" என்றேன்.
பொய்யில்லை.

இரண்டாவதுதான் சிக்கல்.
வெயில் வேண்டாம், மலை வேண்டும்.
நகரி மலையின் அந்த மூக்கு
சோபாவில் உட்கார்ந்தால் தெரிய வேண்டும்.
சூரியனோ நாலு மணிக்கு
அதே மூக்குக்கு மேல்தான் வந்து நிற்கிறான்.
துணி மேலிருந்துதான் இறங்கும் மேடம்.
முதலில் வானம் போகும், அப்புறம் மலை,
மிஞ்சுவது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.
எங்கே நிறுத்தணும் என்று ஒருமுறை சொன்னால் போதும்,
மோட்டார் மனப்பாடம் செய்துகொள்ளும்.

அழுத்தினேன். இறங்கியது.
"ஆகு! ஆகு!" என்றார்.

என்ன ஆக வேண்டும்?
கட்டைவிரல் ஒரு நொடி குழம்பியதில்
துணி ஒரு ஜாண் தாண்டிவிட்டது.
ஏணியைப் பிடித்திருந்த ஜான் பாஷா
"நில்லுன்னு சொல்றாங்கண்ணா" என்றான்.

மேலே. கீழே. ஆகு.
ஒரு விரல் அதிகம். ஆகு.
ஒரு விரல் குறைச்சல். ஆகு.
நிற்கச் சொல்கிற வார்த்தையை
என் காது ஒவ்வொரு தடவையும்
எதுவோ ஆகச் சொல்வதாகவே வாங்கிக்கொண்டது.
முப்பத்தெட்டு வயதில், ஏணி உச்சியில்,
தினம் யாராவது இப்படிச் சொன்னால் தேவலை.

பதினாறோ பதினேழோ,
பாதி வழியில் கரண்ட் போயிற்று.

முதலில் துணி நின்றது.
பிறகு தெரு.
எங்கோ ஒரு தறி மட்டும்
இரண்டு தடக் கூடுதலாகப் போட்டுவிட்டு ஓய்ந்தது.
கீழே எவனோ பீடிக்கு நெருப்புக் கேட்பது
மாடி வரை துல்லியமாக வந்தது.

வெயில் தரையில்,
அவருடைய கால் விரலுக்கு அரையடி முன்னால் நின்றிருந்தது.
ஜன்னலில் மூக்கு, முழுசாக.
யாரும் ஆகு சொல்லவில்லை.

"இக்கடே" என்றார், மெதுவாக,
உரக்கச் சொன்னால் நகர்ந்துவிடும் போல.
சட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

கரண்ட் வர ஐம்பது நிமிடம்.
லேபுக்கு வாங்கிய ஆரஞ்சு குளுக்கோஸைக்
கரைத்துக் கொடுத்தார்.
ஐந்து மணிக்கு மேல்
சூரியன் கோட்டுக்குக் கீழே வருவானே என்று
அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு மேற்குப் பக்கத்துச் சீட்டு.
மடியில் நாற்பது துணித் துண்டு ஒட்டிய மாதிரிப் புத்தகம்.
விரித்து ஜன்னல் கம்பியில் சாய்த்துப் பிடித்தேன்:
சாம்பல், மணல், யானைத் தந்தம்.
"இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளுப்பா,
எனக்கும் விழட்டும்" என்றார் பின்சீட்டுக்காரர்.
தள்ளினேன்.
பொன்பாடி செக்போஸ்ட் வரை கை தாங்கியது.