தியேட்டர் பிரிண்ட்

மஹ்பூலா, நான்காவது மாடி. வியாழன் இரவு.
ஆறு கட்டில்களுக்கு எதிரே
துவைத்த பெட்ஷீட்டை ஆணியில் மாட்டியாயிற்று.
புரொஜெக்டர் வாடகை, தலைக்குக் கால் தினார்.
படத்துக்குக் காசில்லை.
வெள்ளிக்கிழமை ரிலீஸான படம்
சனிக்கிழமையே நிஜாமுதீன் போனுக்கு வந்துவிட்டது.

இது நான் வேலை செய்த படம் என்று
யாரிடமும் சொல்லவில்லை.
குவைத்தில் நான் லிப்ட் மெக்கானிக்.
ரோலர் தேய்வதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்.
எகிப்துக்கார ஃபோர்மேன் அதற்குச் சொல்லும் வார்த்தையை
நம் பாஷையில் சொன்னால், பாம்புச்செவி.

எழுபதாவது நிமிடம், உப்பளம்.
அவள் வெறுங்காலோடு பாத்தியில் நடக்கிறாள்.
எடுத்த இடத்தில் காற்று எல்லாவற்றையும் தின்றுவிட்டதால்
சாலிகிராமத்தில் ஒரு மூடிய அறையில்
ஏ.சி.யை அணைத்து
தகரத்தட்டில் கல்லுப்பும் நொறுக்கிய அப்பளமும் பரப்பி
மூன்று இரவு நடந்தேன்
அவளாக.
வலது கால் கொஞ்சம் தாமதமாக விழ வேண்டும்,
அவள் பயந்திருக்கிறாள்.

இப்போது அந்தக் காலடியின் மேல்
எந்த ஊர்த் தியேட்டரிலோ ஒருவர் இருமுகிறார்.
இன்னொருவர் பாப்கார்ன் மெல்கிறார்,
என் அப்பளத்துக்கு மேல் அவர் சோளம்.
அவள் முகத்துக்குக் கீழே
ரம்மி விளம்பரம் ஓடுகிறது.

“உப்பு இப்படிக் கத்தாது” என்றார்
மேல் கட்டிலில் இருந்து செல்வமரியான்.
வேம்பாரில் பதினோரு வருஷம் உப்பு வாரியவர்.
“காலுதான் கத்தும்.”
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
இவ்வளவு கூர்ந்து யாரும் என் வேலையைக் கேட்டதில்லை.

தயாரிப்பாளரின் வாய்ஸ் மெசேஜ் போனில் இருக்கிறது:
மொத ஷோ முடியறதுக்குள்ள நெட்ல வந்துருச்சு தம்பி,
பாக்கி நாப்பதாயிரத்த நான் எங்கேர்ந்து குடுக்க?
உண்மையாக இருக்கலாம்.
இரண்டு வருஷமாக அவரிடம் வேறு காரணங்கள் இருந்தன.

ஒன்று சொல்லாமல் விட்டேன்.
அந்தக் காலடிகளை வெட்டி ஒட்டிய மென்பொருள்
ரிச்சி தெருவில் இருநூறு ரூபாய்க்குப் பென் டிரைவில் வாங்கியது.
திறக்கும்போதெல்லாம்
உரிமையாளர் என்ற கட்டத்தில் யாரோ ஒரு பெயர்,
எழுத்தும் எண்ணும் கலந்து.
அதை எழுதியவன் பெயர் எங்கே என்று
நான் தேடியதே இல்லை.

கடைசிக் காட்சி முடிந்ததும்
படம் பிடித்தவன் எழுந்துவிட்டான்.
பெட்ஷீட்டில் திரை சாய்ந்து, யாரோ ஒருவரின் முதுகு,
வெளியே போகும் வழியின் சிவப்பு விளக்கு.
பெயர்கள் ஏறத் தொடங்குமுன் இருட்டு.
என்னுடையது நான்காவது நிமிடத்தில் வரும் என்றார்கள்.

“நல்லாருந்துச்சுல்ல? அனுப்பவா?” என்றான் நிஜாமுதீன்.
என் வேலையின் பிரதி ஒன்றுகூட என்னிடம் இல்லை.
அனுப்பு என்றேன்.
எழுநூறு எம்.பி.
மூன்று நிமிடம் பிடித்தது.