தன்மை ஒருமை

மொழிபெயர்க்க வந்தவளுக்கு ஒரு விதி உண்டு:
'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது.
அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்'.
டான்டெனோங் கிளினிக்கில் செவ்வாய்க்கிழமை பத்தே காலுக்கு
நான் குலேந்திரன் ஆகிறேன்.

"கோழி ஃபாக்டரியில வேலை.
பெல்ட் ஓடேக்க ஒண்டுமில்லை.
நிண்டால்தான் கை நடுங்கும்.
மகன் கதவைச் சாத்தினால் அடிக்கப் போறன்,
பிறகு பாத்ரூமுக்குள்ள போய் இருக்கிறன்."
கோபமா என்று கேட்கிறார் டாக்டர் லியென்.
"கோபமில்லை. கோபத்துக்கு முன்னம் வாறது ஒண்டு."

டாக்டர் பிளாஸ்டிக் மூளையை
மாதுளைபோல் இரண்டாக்கி
உள்ளே ஒரு சிவப்புப் புள்ளியைத் தொடுகிறார்.
பாதாம்பருப்பு அளவு. காவல்காரன்.
அவனுக்கு நாள் கிழமை தெரியாது.
இது அன்று, இது இன்று என்று பிரித்துச் சொல்ல
பக்கத்தில் ஒருவன் இருக்கிறான், கடற்குதிரைபோல் வளைந்து.
பல வருடத் தூக்கமின்மையில் அவன் களைத்துவிட்டான்.

எல்லாம் தமிழில் வந்துவிட்டது,
ட்ரோமா என்ற ஒரு சொல்லைத் தவிர.
அதிர்ச்சி என்றால், லாட்டரி விழுந்தாலும் அதிர்ச்சிதான்.
மனவடு என்றால், ஆறிய பிறகுதானே வடு?
நான் தேடுவதைப் பார்த்து அவரே எடுத்துக் கொடுத்தார்:
"பயம் ஊறினது எண்டு சொல்லுங்கோ, பிள்ளை.
உப்பில போட்ட மாங்காய் மாதிரி.
கழுவிப் பாத்தாச்சு."

பெல்ட் நிற்கும்போது ஏன் என்றார் டாக்டர்.
அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"செல் விழேக்க எல்லாரும் பங்கருக்குள்ள.
ஓய்ஞ்சு, அடுத்தது வரமுதல் கொஞ்ச நேரம் இருக்கும்.
அந்த நேரத்துக்குள்ளதான் என்ர மகள்
தண்ணி எடுக்கப் போனவள்."

ஆங்கிலத்தில் என் மகள் என்றேன்.
குரல் பிசகவில்லை.
அதற்குத்தான் சம்பளம்.

நான் திருச்சிக்காரி.
ஐப்பசி வெடி தவிர வேறு வெடி கேட்டதில்லை.
அன்றிரவு சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.
கரகரவென்று ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜ்
சட்டென்று நின்றது.
வீடு முழுக்க அந்த அமைதி.

குழாயடியில் டம்ளரோடு யாழிசை.
"மூடு! மூடிட்டு இங்க வா!"
கத்தியது நான்தான், வேறு யாருமில்லை.
"என்னம்மா ஆச்சு?"
டம்ளர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.
மாவுக் கையோடு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்,
மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கும்வரை விடவில்லை.
வலிக்குது என்று இரண்டு தரம் சொன்னாளாம்.

நேரத்தாளில் ஒரு மணி என்றே
எழுதிக் கொடுத்திருந்தேன்.