வலைக்கு மேலே மட்டும்

முப்பத்திரண்டாம் எண் பேருந்தில்
என்னோடு இறங்கியவர்கள் இரண்டு பேர்:
மூக்குத் தோல் உரிந்த ஒரு டச்சுக்காரர்,
அவருடைய காலி மட்டைப்பை.
பையையும் ஆளாகத்தான் எண்ணினேன்.
ஜன்னலோர இருக்கையை
அதற்குத்தான் கொடுத்திருந்தார்.

ரோமுக்கு வந்தவர்களெல்லாம்
இடிந்ததைப் பார்க்க வரிசையில் நிற்கும் காலை.
நாங்கள் இடியாத ஒன்றுக்கு வந்தோம்.
போட்டி மே மாதம். இது நவம்பர்.
வாசலில் சீட்டுக் கேட்க ஆளில்லை.
வானுயர்ந்த கற்றூணில்
சர்வாதிகாரியின் பெயர் அழியாமல் நிற்க,
அதன் காலடியில் ஒருத்தி
நாய்க்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைக்கிறாள்.

பள்ளத்தில் இருக்கிறது களம்.
வெள்ளைப் படிகள் இறங்கி இறங்கிப் போகின்றன.
மேல்விளிம்பில் சுற்றிவர
சலவைக்கல் ஆண்கள்.
உடுத்த மறந்தவர்கள்,
ஆனால் உடம்பை மறக்காதவர்கள்.

வலை இல்லை.
கோடுகளையும் ஆணியோடு பிடுங்கியிருந்தார்கள்.
உள்ளேயா வெளியேயா என்று
உலகமே தொண்டை கிழியக் கத்திய கோடு
பழைய சைக்கிள் டியூப் போலச்
சுருண்டு கிடந்தது ஓர் ஓரம்.
பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி, ஒரு மண்வாரி,
ரப்பர் பூட்ஸில் லொரெதானா.

செம்மண் என்றேன், குனிந்து தொட்டு.
கைபேசி மொழிபெயர்த்தது.
அவள் சிரித்தாள்.
மண்ணே இல்லை இது,
அரைத்த செங்கல்.
சுவராகப் போகாமல் தப்பியது என்றாள்,
அல்லது கைபேசி அப்படிச் சொன்னது.

மட்டை எங்கே என்று வீபெயிடம் கேட்டேன்.
(டச்சுக்காரர் பெயர் அது.)
தோள்பட்டையைத் தடவிக்கொண்டார்.
மருத்துவர் மட்டை கூடாது என்றுவிட்டார்.
பையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு,
பையைப் படியில் உட்காரவைத்துவிட்டு
களத்தின் பின்கோடு இருந்த இடத்துக்குப் போய்
இல்லாத பந்தை
மும்முறை தட்டினார்,
மேலே எறிந்தார்,
வலிக்காத அளவுக்குக் கையை வீசினார்.

எனக்கு டென்னிஸ் தெரியாது.
இருந்தாலும் ஒருவர் அடித்தால்
எதிரே ஒருவர் நிற்க வேண்டாமா?
ஓடினேன். எட்டவில்லை.
வெளியே என்று விரலை உயர்த்தினேன்.
அவர் முகம் சிவந்தது.
நிஜமாகவே சிவந்தது.
கோடில்லாத களத்தில்
விழாத பந்துக்காக
தெரியாத இரண்டு பேர்
இரண்டு மொழியில் சண்டை போட்டோம்.

மண்வாரியைச் சாய்த்துவிட்டு
லொரெதானா நடந்து வந்தாள்.
குந்தி உட்கார்ந்தாள்.
ஆணி பிடுங்கிய துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.
பந்து பதிந்த தடத்தைத் தேடுவதுபோல் தேடி
பூட்ஸ் நுனியால் ஓரிடத்தைக் காட்டி
உள்ளே என்றாள்.
அதற்கு மேல் முறையீடு இல்லை.
வீபெ இல்லாத மட்டையை
ஆகாயத்துக்கு உயர்த்தினார்,
பாதி வரைக்கும்.

அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன்.
இத்தனை ஆண்டுகளாக
முதல் வரிசையை விடாத ரசிகர்கள்,
ஆனால் ஒருவருக்கும் கழுத்துத் திரும்பாது.
நடுவில் நிற்பவனுக்குத் தெரிந்ததெல்லாம்
வலைக்கு மேலே
ஒரு கணம் கடந்துபோகும் மஞ்சள்.
அடித்தவரைத் தெரியாது.
தவறவிட்டவரைத் தெரியாது.
கைதட்டல் எதற்கென்று
கேட்கவும் முடியாது
பக்கத்துக் கல்லை.

சுற்றுலாவில் நானும் அப்படித்தான்
என்று எழுதலாமென்று நினைத்தேன்.
பேருந்து வந்துவிட்டது.

இந்த முறை ஜன்னலோரத்தை
வீபெ எனக்குக் கொடுத்தார்.
பை அவர் மடியில்.
தோற்றவருக்கு என்று விளக்கினார்.

இரவு விடுதியில்
வெள்ளைத் துண்டால் செருப்பைத் துடைத்தேன்.
துண்டில் செங்கல்.
காலையில் அறையைக் கூட்ட வந்தவள்
அதை விரித்துப் பார்த்தாள்,
ஒருமுறை இடப்பக்கம்,
ஒருமுறை வலப்பக்கம்.
பிறகு என்னைப் பார்த்து
எத்தனைக்கு எத்தனை என்று கேட்டாள்.